செவ்வரளி வந்த அன்னைக்கு அத்தை சொன்னது

வெள்ளிக்கிழமை தோறும் நம்ம கூட்டத்துல யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, குத்தாலத்து அம்மை தனக்குச் செஞ்சதைச் சொல்லுதாங்க. நோய் தீந்த கதை, ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்த கதை, எல்லாம் கண் கலங்கக் கேட்டிருக்கேன். என்னையும் பேசச் சொல்லி ரொம்ப நாளாக் கேக்குதிய. "காலேஜ்ல அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால நின்னு பேசுதிய, இங்கன என்ன கூச்சம்?"னு கேலி வேற. கூச்சமெல்லாம் இல்ல. நான் சொல்லப் போறதுல, அம்மை 'வேண்டாம்'னு சொன்ன மாதிரி ஒரு இடம் வருது. அதைத் தப்பாச் சொல்லிரக் கூடாதேன்னு பயம். அதுவும் போக, எங்க அத்தை, வீட்டுக்காரங்களப் பெத்தவங்க, இருக்குத வரைக்கும் இதை வெளிய பேசக் கூடாதுன்னு இருந்தேன். போன ஆடியில அத்தையும் போயிட்டாங்க. இனிச் சொல்லலாம்.

1958. வைகாசி மாசக் கடைசி. அப்போதான் எங்க வீட்டுக்காரங்க தவறிப் போனாங்க. எனக்கு இருபத்தொரு வயசு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. நெஞ்சு வெடிச்சிரும்னு சொல்லுவாங்கள்லா, அப்படி வெடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வெடிக்கல. தினமும் காலையில கண்ணு முழிச்சது. அதுதான் கொடுமை.

எனக்குப் பிறந்த ஊரு கீழப்பாவூர். பி.ஏ. கணக்குப் பாடம் படிச்சு முடிச்ச கையோட மேலகரத்துல கட்டிக் கொடுத்தாங்க. அவங்க தென்காசியில ஹைஸ்கூல் வாத்தியார், அவங்களும் கணக்குத்தான். மாமனார் எங்க கல்யாணத்துக்கு ரொம்ப முந்தியே காலமாயிட்டார். வீட்டுல அத்தை, அவங்க, நான், மூணே பேரு.

அவங்களுக்கு எம்.ஏ. படிக்கணும்னு உசுரு. அப்பா போயிட்டதால, வயலப் பாக்க ஆள் இல்லாம அந்த ஆசை அப்படியே நின்னு போச்சு. அதையெல்லாம் மூட்டை கட்டி என் தலையில வச்சாங்க. "நான் போகலன்னா என்ன, நீ போ"ன்னாங்க. கல்யாணமான பொண்ணு எம்.ஏ.வுக்குப் போறதா! ஊரு சிரிக்கும்னேன். "சிரிக்கட்டும். சிரிச்சா உடம்புக்கு நல்லது"ன்னாங்க. அவங்க பேச்சே அப்படித்தான்.

எந்த ஊர்ல சேருததுங்கதுல எங்களுக்குள்ள ஒரு மாசம் சண்டை. திருவனந்தபுரம்னு நான் நின்னேன். செங்கோட்டை வழியா ரயிலு, நினைச்சா வீட்டுக்கு வந்துரலாம். அவங்க மெட்ராஸ்தான்னு நின்னாங்க. "பக்கத்துல இருந்தா வாரா வாரம் ஓடி வந்துருவே. அப்புறம் எங்க படிக்க?" அக்கம்பக்கத்துல உள்ளவங்க, பொம்பளைப் பிள்ளைக்குத் தமிழ் எம்.ஏ. போதாதா, கணக்கு எதுக்குன்னாங்க. கடைசியில மெட்ராஸ், கணக்குன்னே முடிவாச்சு. ஃபாரத்தை அவங்க கையால பூர்த்தி பண்ணி, கார்டியன் கையெழுத்து போடுத இடத்துல அவங்களே போட்டாங்க. போட்டுட்டு மையை ஊதி ஊதிக் காயவச்சது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

சாயந்தரம் குத்தாலத்துக்கு நடந்து போவோம். வழியிலதான் இன்டர்வியூ ஒத்திகை. துண்டை எடுத்துத் தோளுல புரொபசர் கவுன் மாதிரிப் போட்டுக்கிட்டு, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "நீ ஏன் கணிதம் எடுத்தாய், சொல் பார்க்கலாம்"பாங்க. நான், "எங்கப்பா சேத்துவிட்டாங்க, படிச்சேன்"பேன். "ஏட்டி, உனக்கு சீட்டு கிடைச்ச மாதிரித்தான்"னு தலையில அடிச்சுக்குவாங்க. கோயில் வாசல் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போவோம்.

ஃபாரம் தபால்ல போன மறு வாரம் காய்ச்சல் கண்டுச்சு. முதல்ல சாதாரணக் காய்ச்சல்னு கஷாயம் போட்டுக் குடுத்தோம். அப்புறம் டைபாய்டுன்னாங்க. வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. தென்காசி டாக்டர் வந்து பாத்துட்டு, "இங்கன வச்சுப் பாக்க முடியாது, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க"ன்னு தெளிவாச் சொன்னாரு. வண்டிக்குச் சொல்லிவிடுங்கன்னு நான் அத்தை காலப் பிடிச்சேன். அத்தை யோசிக்கேன்னாங்க. மறுநாள் காலையில முகம் வேற மாதிரி இருந்துச்சு. "வேண்டாம். குலுக்கல்ல உசுரு போயிரும். வீட்டுலயே இருக்கட்டும்"னுட்டாங்க. ஏன்னு கேட்டேன். அடுப்படிக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. அத்தை அப்படி மறிச்சதுக்குக் காரணம் எனக்கு அன்னைக்குத் தெரியல.

எங்க வீட்டுக்காரங்க போயிட்டாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சப்புறம், அந்தப் பெரிய வீட்டுல நானும் அத்தையும் மட்டும். ரெண்டு பேரும் வெள்ளைச் சேலை. ஒருத்தருக்கொருத்தர் பேச்சுக் கிடையாது. அவங்க சோறு பொங்குவாங்க, நான் சாப்பிட மாட்டேன். நான் பொங்குவேன், அவங்க சாப்பிட மாட்டாங்க. எனக்கு அத்தையப் பாத்தா வயிறு எரியும். இந்த மனுஷி மட்டும் சரின்னு சொல்லியிருந்தா, பொழச்சிருப்பாங்களேன்னு மனசுக்குள்ள ஓடும். அவங்க என்னைப் பாத்தா தலையக் குனிஞ்சுக்குவாங்க.

எங்கப்பா வந்து கீழப்பாவூருக்குக் கூப்பிட்டாங்க. "வருஷம் திரும்புத வரைக்கும் சாவு விழுந்த துட்டி வீட்டுப் பொண்ணு படி தாண்டக் கூடாது"ன்னு பெரிய மாமா சொல்லிட்டார். பெரிய மாமான்னா மாமனாருக்கு அண்ணன், அதே தெருவுல மேல வீடு. குடும்பத்துல அவர் சொன்னதுதான் சட்டம். எங்கப்பா வாயில்லாப் பூச்சி. சரின்னுட்டுத் துண்டால முகத்தத் துடைச்சுக்கிட்டே போயிட்டாங்க.

கோயிலுக்கும் போகக் கூடாது. ஒரு வருஷம் எங்களுக்கு சந்நிதி கிடையாது. முதல்ல எனக்கு அது வலிக்கவே இல்ல. போய் மட்டும் என்ன செய்ய? அவங்க படுத்திருந்தப்போ நான் அழுத அழுகை அந்தக் குழல்வாய்மொழி அம்மைக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டும் கேட்காத மாதிரி இருந்துட்டாளேன்னு கோபம். விளக்குகூட ஏத்தல நான்.

ஆனி மாசம் சாரல் கட்டிருச்சு. ஊரு முழுக்க அருவிக்கு வாரவங்க கூட்டம். குதிரை வண்டிகள் எங்க வீட்டு வழியாத்தான் போகும். ஈரத் தலையோட பொண்ணுங்க சிரிக்குத சத்தம் கேட்கும். நான் அறைக் கதவைச் சாத்திக்குவேன். அப்படி ஒரு நாளு தபால்காரர் ஒரு கார்டு குடுத்துட்டுப் போனாரு. மெட்ராஸ்ல இன்டர்வியூ. விலாசத்துல அவங்க பேரை எழுதி, 'மேற்பார்வை'ன்னு போட்டிருந்துச்சு. இறந்தவங்க மேற்பார்வையில எனக்கு இன்டர்வியூ. நான் சிரிச்சேன். சிரிச்சவதான், அப்படியே தரையில உக்காந்து, அவங்க போனதுக்கப்புறம் முத முதலா வாய் விட்டு அழுதேன்.

அன்னைக்குத்தான் பிரார்த்தனை பண்ணினேன். வீட்டுக்குப் பின்னால தொழுவத்துக்கிட்ட நின்னா மலை தெரியும். சாரல் விலகினா அருவி வெள்ளையாக் கோடு போட்ட மாதிரித் தெரியும். அதுக்குக் கீழதான் அம்மை கோயில்னு அந்தத் திசையப் பாத்துக் கையெடுத்தேன். "தாயே, உங்கிட்ட கோவமாத்தான் இருக்கேன். அவரை நீ திருப்பித் தர மாட்டே. அவர் ஆசையவாவது தா. இல்லன்னா என்னையும் கூப்பிட்டுக்கோ." இதுக்கு மேல எனக்குக் கேக்கத் தெரியல. தினம் காலையில அங்கன போய் இதையே சொல்லுவேன். மாட்டுக்குப் புல்லு போட வந்த அத்தை ஒரு நாள் அதைக் காதுல வாங்கிட்டாங்க. புல்லைப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

அந்த கார்டு வந்ததை அத்தைதான் பெரிய மாமாகிட்ட சொல்லியிருக்காங்க. அவர் வந்து கூடத்துல உக்காந்தார். கெட்டவர்னு நினைச்சுராதிய. எனக்காக அவரும் அழுதவர்தான். ஆனா வழக்கம்னு வந்துட்டா இரும்பு. "வருஷமும் திரும்பல. தாலி அறுத்த பொண்ணைப் பட்டணத்துல தனியா விட்டுட்டு நாம இங்கன சோறு திங்கவா? அவ மனசு சங்கடப்படும், எனக்குத் தெரியுது. சரி, நானும் முடிவு சொல்ல வேண்டாம், அவளும் சொல்ல வேண்டாம். பூக் கேட்டுப் பாத்துருவோம். அம்மை சொன்னா சரி"ன்னார்.

பூக் கேக்குதது நம்ம பக்கத்துல உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியா இலையில வச்சு, ஒண்ணு போலக் கட்டி, அம்மை பாதத்துல வச்சு, ஒண்ணை எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தா உத்தரவு. சிவப்பு வந்தா வேண்டாம். நாங்க கோயிலுக்குப் போகக் கூடாதுல்லா, அதனால அடுத்த வீட்டுப் பகவதி அக்கா கொண்டு போறதாச் சொன்னாங்க. அங்கன குருக்கள் எடுத்துக் குடுக்குத பொட்டலத்தைப் பிரிக்காம வீட்டுக்குக் கொண்டு வரணும்.

அத்தைதான் கட்டினாங்க. வாழை இலைத் துண்டுல நந்தியாவட்டை ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு. ஒரு தடவை சுத்தின நாரை அவுத்துட்டு அத்தை மறுபடியும் சுத்தினாங்க. கட்டு சரியா விழலன்னு நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு பகவதி அக்கா போனாங்க. நான் தொழுவத்துல நின்னு, வெள்ளை வரணும், வெள்ளை வரணும்னு மலையப் பாத்து ஜெபிச்சேன். வேற மந்திரம் எதுவும் வாயில வரல. மலை முழுக்க மேகம். அருவி தெரியவே இல்ல.

அக்கா நனைஞ்சுக்கிட்டே வந்து பொட்டலத்தை அத்தை கையில குடுத்தாங்க. பெரிய மாமா கூடத்துல உக்காந்திருந்தார். அத்தை நிலைக்கதவுக்குப் பின்னால நின்னு நாரை அவுத்தாங்க.

செவ்வரளி.

"அம்மை சொல்லிட்டா. இனிப் பேச்சு இல்ல"ன்னு பெரிய மாமா துண்டை உதறித் தோளுல போட்டார். எனக்குக் கண்ணு இருட்டுச்சு. அவ்வளவுதான், கதவு சாத்தியாச்சு. கிணத்தடிக்குப் போகணும்னு காலு தானா நகந்துச்சு. எதுக்குப் போனேன்னு இப்பக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்பத்தான் அத்தை குரலு கேட்டுச்சு.

ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. அத்தை அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்ல இருந்து பெரிய மாமாவுக்கு நேரா நின்னு பேசினதே கிடையாது. கதவுக்குப் பின்னால நின்னு ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான். அன்னைக்குப் பூவைக் கையில பிடிச்சபடி கூடத்துக்கு நடுவுல வந்து நின்னாங்க.

"அத்தான், என் பிள்ளைக்கும் நான் பூக் கேட்டேன்."

பெரிய மாமா நிமிந்து பாத்தார்.

"டாக்டர் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்கன்னாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. யாருக்கும் தெரியாம பூக் கட்டி அனுப்பிக் கேட்டேன். இதே செவ்வரளிதான் வந்துச்சு. பிள்ளைய வீட்டுலயே வச்சுக்கிட்டேன். அப்புறம் பொணமாத்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அது அவன் விதி, ஆவுடை. நீ என்ன செய்வே?"

"விதியோ என்னவோ. டாக்டர் வாயத் திறந்து சொன்னாரு. இந்தப் பிள்ளை என் காலப் பிடிச்சுக் கதறுச்சு. மனுஷங்க சொன்னது எதுவும் என் காதுல ஏறல. இப்ப மறுபடியும் பூவக் கேட்டு இவளையும் உள்ள வச்சுப் பூட்டச் சொல்லுதியளா? தினம் காலையில இவ தொழுவத்துல நின்னு கேக்குதா. என் காதுல விழுது. அம்மைக்கு மட்டும் விழாமலா இருக்கும்? அந்தக் காயிதத்துல என் பிள்ளை கையெழுத்து இருக்கு அத்தான். அவன் கடைசியாப் போட்ட கையெழுத்து. அதைப் பெத்தவ அழிக்க மாட்டா. நான் இவளைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸுக்குப் போறேன்."

அவ்வளவு நீளமா அத்தை பேசி நான் கேட்டதே இல்ல. பேசி முடிச்சதும் செவ்வரளியக் கண்ணுல ஒத்திக்கிட்டு விளக்கு மாடத்துல வச்சாங்க. தூக்கி எறியல. அதைக் கவனிச்சுக்கோங்க. அம்மை மேல அத்தைக்குக் கோபம் இல்ல. பெரிய மாமா அந்தப் பூவைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உன் பிள்ளை, உன் மருமவ. என்னமோ செய்"னு எந்திரிச்சுப் போனார். போனவர், சாயந்தரமே ஸ்டேஷனுக்கு வண்டிக்குச் சொல்லி அனுப்பிட்டார்.

நான் அத்தை கிட்டப் போனேன். அவங்க என்னைப் பாக்காமலே, "இப்பத் தெரிஞ்சிருச்சுல்லா? நான்தான்டீ அவனை…"ன்னாங்க. முடிக்க விடல. கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். வீட்டுக்காரங்க போன நாள்ல இருந்து நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதது அன்னைக்குத்தான். அதுவரைக்கும் ஒரே வீட்டுல தனித்தனியா அழுதோம்.

தென்காசியில ரயில் ஏறினோம். கிளம்பையில தெருவுல எங்களக் கண்டு ரெண்டு மூணு வீட்டுக் கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சு. வெள்ளைச் சேலை கட்டின ரெண்டு பொம்பளைங்க எதிர வந்தா சகுனம் ஆகுமா? அத்தை திருநெல்வேலியத் தாண்டி எங்கயும் போனதில்ல. வழியெல்லாம் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. கட்டுச்சோத்தைப் பிரிச்சு, "ஏட்டி, தின்னு. வாய் வறண்டா பதில் வராது"ன்னு ஊட்டிவிட்டாங்க.

இன்டர்வியூவுல மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நடுவுல இருந்த அம்மா கண்ணாடியக் கழத்தி வச்சுட்டு முதல்ல கேட்ட கேள்வி, "கணிதத்தை ஏன் எடுத்தீர்கள்?"

துண்டைத் தோளுல போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்காரங்க எனக்கு முன்னால நடந்து போற மாதிரி இருந்துச்சு. எங்கப்பா சேத்துவிட்டாங்கன்னு சொல்ல முடியல. "கணக்குத் தப்பாப் போச்சுன்னா, எந்த வரியில தப்புன்னு திரும்பிப் போய்ப் பாத்து, சரி பண்ணிக்கலாம். அது வேற எதுலயும் முடியாதுங்க"ன்னு தமிழ்லயே சொல்லிட்டேன். கண்ணுல தண்ணி வழிஞ்சுச்சு. துடைக்கவும் தோணல. அந்த அம்மா கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் கணக்கு ரெண்டு குடுத்தாங்க. போட்டேன்.

ஃபாரத்தைப் புரட்டிட்டு, "கார்டியன் கையெழுத்துப் போட்டிருப்பவர் வெளியே இருக்கிறாரா? பெயர் என்ன?"ன்னாங்க. எனக்குப் பேரு வாயில வரல. கட்டினவங்க பேரைச் சொல்லிப் பழக்கமில்ல நம்ம பக்கத்துல. இருக்காங்களான்னு கேட்டதுக்கு என் சேலையத்தான் குனிஞ்சு பாத்தேன். வெள்ளைச் சேலையப் பாத்து அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க. "வேறு யார் பொறுப்பு?"

கதவுக்கு வெளிய நின்ன அத்தையக் கூப்பிட்டாங்க. அத்தை வந்து, "இவளுக்கு ஆள் நான்தான்"ன்னாங்க. பேனாவைக் குடுத்தாங்க. அத்தைக்குப் பேரு எழுத மட்டும்தான் தெரியும். மகன் கையெழுத்துக்குக் கீழ ஒவ்வொரு எழுத்தா எழுதினாங்க. எழுதி முடிச்சுட்டு, மேல இருந்த கையெழுத்தை விரலால ஒரு தடவை தடவிப் பாத்தாங்க. அங்கன இருந்த மூணு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

சீட்டு கிடைச்சது. படிச்சேன். முதல் வகுப்பு வாங்கினேன். இந்தப் பக்கத்துலயே பொம்பளைப் பிள்ளைங்களுக்குக் காலேஜ் வந்தப்போ வேலையும் கிடைச்சது. அத்தையும் நானும் கடைசி வரைக்கும் ஒண்ணாத்தான் இருந்தோம். வருஷா வருஷம் வைகாசி பிறந்தா, எந்த ஊருக்கு எழுதிப் போட, எந்தப் பாடம் எடுக்கன்னு கேட்டுக்கிட்டுப் பிள்ளைங்க ஃபாரத்தோட வீட்டுக்கு வரும். நான் வாயத் திறக்குததுக்கு முந்தி அத்தை கேப்பாங்க, "ஏட்டி, உனக்கு எதுல ஆசை? அதை முதல்ல சொல்லு." அதுக்கப்புறம் அவங்க எதுக்குமே பூக் கேட்டதில்ல. ஆனா அம்மைக்குத் தினம் பூக் கட்டிப் போடாம இருந்ததும் இல்ல.

சந்தோஷமா இருந்தோம்னு சொன்னா அது பொய். அத்தை நெஞ்சுல அந்தச் செவ்வரளி அப்படியே கிடந்துச்சு. அவங்களும் பேச மாட்டாங்க, நானும் பேச மாட்டேன். போன ஆடியில படுத்த படுக்கையா ஆனாங்க. ஒரு மத்தியானம், சாரல் விட்டு வெயிலடிச்ச நேரம், என் கையப் பிடிச்சு, "செம்பகம், அன்னைக்கு அவனைக் கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பானாட்டீ?"ன்னு கேட்டாங்க.

இத்தனை வருஷத்துல கேக்காத கேள்வி. எனக்கு விடை தெரியாது. யாருக்கும் தெரியாது. சுவத்துல இருந்த அம்மை படத்தைப் பாத்தேன். தாயே, அன்னைக்கு இவங்க வாயில வந்தேல்லா, இன்னைக்கு என் வாயில வான்னு கேட்டேன்.

"இல்ல அத்தை. பொழச்சிருக்க மாட்டாங்க. வழியில யாருமத்துப் போகாம, உங்க மடியில போகணும்னு இருந்திருக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான் அத்தை."

கண்ணை மூடிக்கிட்டு, "சரி"ன்னாங்க. கொஞ்சம் தண்ணி கேட்டாங்க. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினாங்க. அந்த வாரமே போய்ச் சேந்துட்டாங்க.

அது பொய்யா மெய்யான்னு எங்கிட்ட கேக்காதிய. நான் வெள்ளைப் பூக் கேட்டேன். அம்மை எனக்கு அத்தையக் குடுத்தா. அத்தைக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டப்போ என்னைக் குடுத்தா. என் பிரார்த்தனைக்குப் பதில் கிடைச்சதுன்னு நான் சொல்லுதது இதைத்தான். எங்க வீட்டுக்காரங்களைத் திருப்பித் தரலயேங்குத வலி இன்னும் இருக்கு. அது இருந்துக்கிட்டேதான் இந்த நன்றியும் இருக்கு.

நீங்களும் அம்மைகிட்ட கேளுங்க. கோவத்தோடனாலும் கேளுங்க, அவ தப்பா எடுத்துக்க மாட்டா. கேட்டுட்டுப் பக்கத்துல இருக்குத மனுஷங்க என்ன சொல்லுதாங்கன்னு காது குடுங்க. உங்க வீட்டுப் பிள்ளை படிக்கணும்னு ஃபாரத்தை வச்சுக்கிட்டு நின்னா, தயவு செஞ்சு பூக் கட்ட உக்காராதிய. எங்கிட்ட கூட்டிக்கிட்டு வாங்க. எந்த ஊரு, எந்தப் பாடம்னு கூட உக்காந்து யோசிப்போம். கார்டியன் கையெழுத்துப் போட ஆளு இல்லன்னா, நான் போடுதேன்.